அபோஸ்டில் எதற்குச் சாட்சி?

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் ஒருவரின் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் ஒரு சதுர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதற்குப் பெயர் அபோஸ்டில். அதன் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கையே அளவு வகுத்திருக்கிறது. எந்த நாடு வழங்கினாலும் தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருந்தாக வேண்டும். கீழே எண்ணிட்ட பத்து வரிகள்: ஆவணம் எந்த நாட்டுடையது, கையெழுத்திட்டவர் யார், எந்தப் பதவியில் கையெழுத்திட்டார், யாருடைய முத்திரை விழுந்திருக்கிறது, இந்த அபோஸ்டில் எங்கே வழங்கப்பட்டது, எந்தத் தேதியில், வழங்கியவர் யார், வரிசை எண் என்ன, அவருடைய முத்திரை, அவருடைய கையெழுத்து.

இந்தப் பத்தில் ஒன்றுகூட, சான்றிதழில் எழுதியிருப்பது உண்மையா என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. இன்னார் இந்தத் தேதியில் பிறந்தார் என்றோ, இந்தப் பட்டத்தைத் தேறிப் பெற்றார் என்றோ அது சொல்வதில்லை. இன்ன அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் அசல் என்பதோடு அதன் சாட்சியம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதை வாங்க அலைபவரும், வாங்கித் தரும் முகவரும், அயல்நாட்டில் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் அலுவலரும் பெரும்பாலும் அதை உண்மைக்கான அத்தாட்சியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆவணங்களை எல்லை கடத்தும் இந்த உலக ஏற்பாட்டின் பலம், பலவீனம், மோசடி, அலைச்சல் எல்லாமே இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

கையெழுத்துக்குக் கையெழுத்து

ஓர் அரசு தன் குடிமக்களுக்கு வழங்கும் காகிதம் எல்லையைத் தாண்டியதும் வெறும் காகிதமாகிவிடுகிறது. மதுரை மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவாளர் எப்படிக் கையெழுத்திடுவார் என்பது பாரிஸில் இருக்கும் திருமணப் பதிவு அலுவலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் தூதரகங்கள் வழியாக ஒரு முறை உருவானது. பதிவாளரின் கையெழுத்தை மேலதிகாரி உறுதி செய்வார். மேலதிகாரியின் கையெழுத்தை மாநில அரசு, மாநில அரசின் கையெழுத்தை வெளியுறவு அமைச்சகம், அமைச்சகத்தின் கையெழுத்தை ஆவணம் போய்ச்சேர வேண்டிய நாட்டின் தூதரகம். சில நாடுகளில் அதோடும் முடியாது. அங்கே போய் இறங்கியதும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் தன் தூதரகத்தின் கையெழுத்தையே உறுதி செய்ய வேண்டும்.

ஜாமீன்தாரருக்கு ஜாமீன்தாரர் தேடுவது போன்ற ஏற்பாடு இது. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு முந்திய கையெழுத்தை மட்டுமே பார்க்கும். மேசைமேல் இருக்கும் மாதிரிக் கையெழுத்துப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் தன் முத்திரையைப் பதிக்கும். கடைசி முத்திரை குத்துகிறவர் முதல் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

1950-களில் ஐரோப்பாவில் போருக்குப் பிந்திய இடப்பெயர்வும் வணிகமும் பெருகின. திருமணம், வாரிசுரிமை, வேலை என எதற்கும் இந்த நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. தீர்வு காணும்படி ஐரோப்பிய மன்றம் ஹேக் தனியார் சர்வதேசச் சட்ட மாநாட்டைக் கேட்டுக்கொண்டது. 1893-இல் டச்சுச் சட்ட அறிஞர் டோபியாஸ் ஆஸரின் முயற்சியால் தொடங்கிய அமைப்பு அது. ஆஸருக்கு 1911-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. மாநாட்டின் ஒன்பதாவது அமர்வில் உருவான உடன்படிக்கை 1961 அக்டோபர் 5 தேதியிட்டது. 1965 ஜனவரி 24-இல் நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கையின் அடிப்படை எளிது. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் தூதரகச் சான்றொப்பத்தைக் கைவிட வேண்டும். ஆவணம் பிறந்த நாடு நியமிக்கும் ஓர் அதிகாரி ஒரே ஒரு சான்றை ஒட்டுவார். எல்லா உறுப்பு நாடுகளும் அதை ஏற்கும். அந்தச் சான்றின் கையெழுத்தை இன்னொருவர் உறுதி செய்ய வேண்டியதில்லை என்று ஐந்தாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முடிவில்லாமல் நீளக்கூடிய ஜாமீன் வரிசை அங்கே வெட்டப்பட்டது. வழங்கிய அபோஸ்டில்களைப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும், யார் கேட்டாலும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று ஏழாவது பிரிவு விதிக்கிறது. நீதிமன்ற ஆவணங்கள், நிர்வாக ஆவணங்கள், நோட்டரி பத்திரங்கள், தனியார் ஆவணங்களின்மீது அதிகாரிகள் இடும் சான்றுகள் ஆகியவை இதற்குள் வரும். தூதரக அதிகாரிகளே தயாரிக்கும் ஆவணங்களும், வணிகத்தையும் சுங்கத்தையும் நேரடியாகச் சார்ந்த நிர்வாக ஆவணங்களும் வராது.

இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. அமெரிக்கா 1981-இலும், இந்தியா 2005 ஜூலை 14-இலும், சிங்கப்பூர் 2021-இலும், சவுதி அரேபியா 2022 டிசம்பரிலும், சீனா 2023 நவம்பரிலும், கனடா 2024 ஜனவரி 11-இலும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன.

வீட்டுக்குள் இருக்கும் வரிசை

உடன்படிக்கை வெட்டியது வரிசையின் வெளிநாட்டு முனையை மட்டும்தான். அபோஸ்டில் ஒட்டுவதற்கு முன் உள்நாட்டில் எத்தனை கையெழுத்துகள் வேண்டும் என்பதை அது ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இந்தியரின் அலைச்சல் பெரிதும் இந்த உள்நாட்டுப் பகுதியில்தான் நடக்கிறது.

இந்திய வெளியுறவு அமைச்சகம் ஆவணங்களை மூன்றாகப் பிரிக்கிறது. பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பிரமாணப் பத்திரங்கள், அதிகாரப் பத்திரங்கள் போன்ற தனிப்பட்ட ஆவணங்களை மாநில அரசின் உள்துறையோ பொதுத்துறையோ முதலில் உறுதி செய்ய வேண்டும். கல்விச் சான்றிதழ்களை அவற்றை வழங்கிய மாநிலத்தின் கல்வித் துறையும், வணிக ஆவணங்களை வணிகர் சங்கமும் உறுதி செய்ய வேண்டும். மாநில அதிகாரியின் கையெழுத்து தன்னிடம் உள்ள மாதிரியோடு பொருந்தினால் அமைச்சகம் ஸ்டிக்கரை ஒட்டும். ஆவணத்தின் உள்ளடக்கத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று அமைச்சகம் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

இதற்கு அரசு வாங்கும் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய். ஆனால் 2012-இலிருந்து மக்கள் நேரடியாக அமைச்சகத்தில் கொடுக்க முடியாது. அமைச்சகம் நியமித்த முகமைகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 2019 முதல் டெல்லிக்கு வெளியே, சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் அபோஸ்டில் ஒட்டும் வசதி வந்தது. அதனால் டெல்லிக்கு அனுப்பும் செலவும் தொலைந்துபோகும் பயமும் குறைந்தன. மாநிலப் படி மட்டும் அப்படியே நின்றது.

தமிழ்நாட்டில் ஒரு பட்டதாரியின் பாதை பொதுவாக இப்படிப் போகும். முதலில் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். அதாவது பட்டச் சான்றிதழின் விவரங்கள் பல்கலைக்கழகப் பதிவேட்டோடு பொருந்துகின்றன என்ற கடிதம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்றால் அந்த வேலை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துடையது. பிறகு கோட்டையில் தலைமைச் செயலகத்தில் உரிய துறையின் சான்றொப்பம். அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். முகவர்கள் நடுப்படியை ‘ஹெச்.ஆர்.டி.’ என்றும் கடைசிப் படியை ‘எம்.இ.ஏ.’ என்றும் சொல்வார்கள். கேரளத்தில் நோர்கா ரூட்ஸ் என்ற அரசு அமைப்பே சான்றிதழ் உறுதிப்படுத்தும் மையங்களை நடத்துகிறது. வளைகுடா வேலை பல தலைமுறைகளாக அம்மாநிலத்தின் வாழ்வாதாரமாக இருப்பதால், இந்த அலைச்சலைத் தனிமனிதரின் தலைவலி என்று விடாமல் அரசின் வேலையாக அங்கே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பாதையில் பல்கலைக்கழகப் படி ஒன்றில்தான் யாரோ ஒருவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறார். மற்ற எல்லாப் படிகளிலும் கையெழுத்தை மட்டுமே பார்க்கிறார்கள். அலைச்சல் மிகுந்த படி எதுவோ அதுவே உண்மையைத் தொடும் படியாகவும் இருக்கிறது. ஆகவே அதைத் தவிர்க்கக் குறுக்கு வழிகள் முளைத்தன. சான்றிதழை டெல்லிக்கு அனுப்பி, நோட்டரியின் கையெழுத்தோடு அங்குள்ள உட்கோட்ட நடுவரிடம் சான்றொப்பம் வாங்கி, அப்படியே அமைச்சகத்துக்குக் கொண்டுபோவது அவற்றில் பரவலானது. ‘எஸ்.டி.எம். அட்டெஸ்டேஷன்’ என்று சொன்னால் முகவர்களுக்குப் புரியும். சில நாடுகள் இதை ஏற்கின்றன. சில நாடுகள் மாநிலக் கல்வித் துறையின் முத்திரைதான் வேண்டும் என்கின்றன. திருநெல்வேலியில் வழங்கப்பட்ட பட்டத்தின் பதிவேடு டெல்லி நடுவரின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஆனாலும் அவருடைய கையெழுத்து மெய். அமைச்சகத்தின் ஸ்டிக்கரும் மெய். விதி மீறப்படவில்லை; உண்மையை ஒருவரும் பார்க்கவுமில்லை.

உறுப்பு நாடல்லாத இடங்களுக்குப் போகிறவருக்குப் பழைய வரிசை முழுதாகவே காத்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் ஆகியவை 2024 முடியும்வரை உடன்படிக்கையில் சேரவில்லை. துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியை அழைத்துக்கொள்ளத் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்றால், மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், அமீரக வெளியுறவு அமைச்சகம் என நான்கு முத்திரைகள் தேவை. ஓமன் 2012-இலும் பஹ்ரைன் 2013 இறுதியிலும் சவுதி 2022-இலும் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால், ஒரே வளைகுடாவுக்குப் போகும் இரண்டு நண்பர்களின் சான்றிதழ்கள் இரண்டு விதமாகப் பயணம் செய்கின்றன.

பெயர் மாறினால்

முத்திரைகள் எல்லாம் சரியாக விழுந்தும் ஆவணம் திரும்பி வருவதற்குத் தமிழர்களிடையே அடிக்கடி காரணமாவது பெயர். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’ என்றிருக்கும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் விரிந்து நிற்கும். பிறப்புச் சான்றிதழில் பெயரே இருக்காது. ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். திருமணத்துக்குப் பின் பெண்ணின் இனிஷியல் தந்தையிலிருந்து கணவருக்கு மாறியிருக்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றைக் கருதிச் செய்யப்பட்ட படிவங்களில், தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் ஒரு சமூகம் தன்னைப் பொருத்திக்காட்ட வேண்டியிருக்கிறது.

அபோஸ்டில் இதைச் சரிசெய்யாது. இரண்டு ஆவணங்களில் இருப்பவர் ஒரே ஆள்தானா என்று கேட்பது அதன் வேலையல்ல. முரண்பட்ட இரண்டு பெயர்களுக்கும் தனித்தனியே அபோஸ்டில் ஒட்டித் தருவதில் தடையும் இல்லை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் செய்து, அதையும் உறுதி செய்து இணைக்கிறார்கள். அயல்நாட்டு அலுவலர் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். மூல ஆவணத்தையே திருத்துவதுதான் உறுதியான வழி. பிறப்புப் பதிவில் பெயர் விடுபட்டிருந்தால் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் சேர்க்க விதி இடம் தருகிறது. அதைக் கடந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் காலக்கெடு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசா கைக்கு வரும் நேரத்தில் இதைத் தொடங்குபவர்களே அதிகம் என்பதுதான் சிக்கல்.

பத்திரமாக இருக்கட்டும் என்று சான்றிதழை லேமினேஷன் செய்துவைக்கும் வழக்கமும் இங்கே இடறும். முத்திரையும் ஸ்டிக்கரும் காகிதத்தின்மேல் விழ வேண்டும். பிளாஸ்டிக் உறையின்மேல் விழுந்தால் பயனில்லை. உறையைப் பிரிக்கும்போது கிழிந்தால் நகல் சான்றிதழுக்கு மீண்டும் முதல் அலுவலகத்துக்கே போக வேண்டும்.

மெய்யான முத்திரை, பொய்யான பட்டம்

கையெழுத்துக்கு மட்டும் சாட்சி சொல்லும் முறையை ஏமாற்றுக்காரர்கள் எளிதில் புரிந்துகொண்டார்கள். இல்லாத பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு நேரடியாக அபோஸ்டில் கிடைக்காது. ஆனால் அந்தப் பட்டத்தின் நகலை ஒரு நோட்டரியிடம் கொடுத்து, அசலோடு ஒத்திருக்கிறது என்று கையெழுத்து வாங்கலாம். நோட்டரி உண்மையானவர், நகல் அசலோடு ஒத்திருக்கிறது என்பதும் உண்மை. இனி அபோஸ்டில் நோட்டரியின் கையெழுத்துக்கு ஒட்டப்படும். கடைசியில் வாங்குபவரின் கையில் இருப்பது, ஒரு நாட்டின் அரசு முத்திரையோடு கூடிய போலிப் பட்டம். அதில் உள்ள ஒவ்வொரு முத்திரையும் அசல். ஹேக் மாநாட்டின் சிறப்புக் குழு 2009-இல் இந்தப் பட்ட வியாபாரத்தைத் தனிப் பிரச்சினையாக எடுத்துப் பேசியது. கையெழுத்தை மட்டுமே இது உறுதி செய்கிறது, உள்ளடக்கத்தை அல்ல என்ற எச்சரிக்கை வாசகத்தை அபோஸ்டிலிலேயே அச்சிடலாம் என்ற பரிந்துரையும் இருக்கிறது.

2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரை இது எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது. கராச்சியைச் சேர்ந்த ஆக்ஸாக்ட் நிறுவனம் கற்பனைப் பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகம் முழுதும் பட்டம் விற்றதாக அக்கட்டுரை குற்றம்சாட்டியது, நிறுவனம் மறுத்தது. பட்டத்தோடு சேர்த்து, அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரியின் கையெழுத்துத் தாங்கிய சான்றொப்பங்களும் பெரும் தொகைக்கு விற்கப்பட்டன என்று அந்தச் செய்தி கூறியது. ஒரு வல்லரசின் வெளியுறவு அமைச்சர் பெயரைப் பார்த்ததும், கீழே இருக்கும் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று தேடத் தோன்றாது. முத்திரை எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வருகிறதோ அவ்வளவுக்குக் கேள்வி குறைகிறது. விற்பவர்கள் காசாக்கியது இந்த மனப்போக்கைத்தான்.

ஸ்டிக்கரைத் தாண்டிக் கேட்பவர்கள்

சில நாடுகள் இந்த இடைவெளியைக் கண்டு, அபோஸ்டிலை நம்ப மறுத்தன. புதிதாகச் சேரும் நாட்டை ஏற்கெனவே இருக்கும் நாடு ஆட்சேபிக்க உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆட்சேபித்தால் அந்த இரு நாடுகளுக்கிடையே மட்டும் உடன்படிக்கை செல்லாது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது. ஆட்சேபித்த வேறு சில ஐரோப்பிய நாடுகள் பின்னர் விலக்கிக்கொண்டன, ஜெர்மனி விலக்கிக்கொள்ளவில்லை. அதோடு இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகங்கள் பழைய முறைச் சான்றொப்பத்தையும் நிறுத்திவைத்தன. ஜெர்மனியில் உள்ள ஓர் அலுவலகம் ஓர் இந்தியப் பிறப்புச் சான்றிதழை ஐயப்பட்டால், தூதரகத்துக்கு எழுதும். தூதரகம் தன் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞரை நியமிக்கும். அவர் பதிவாளர் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய்ப் பதிவுகளைப் பார்ப்பார், தெரிந்தவர்களை விசாரிப்பார். மாதக்கணக்கில் ஆகும், செலவு விண்ணப்பித்தவருடையது. கல்விக்கு அந்நாடு வேறு வழி வைத்திருக்கிறது. 2022 நவம்பர் முதல், மாணவர் விசா கேட்கும் பெரும்பாலான இந்தியர்கள் புதுடெல்லியில் உள்ள ஏ.பி.எஸ். என்ற கல்வி மதிப்பீட்டு மையத்தில் தங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும்.

அமெரிக்கா அமைதியாக வேறு வழியில் போகிறது. குடியேற்ற விண்ணப்பத்தோடு தரும் இந்தியப் பிறப்புச் சான்றிதழுக்கு அது பொதுவாக அபோஸ்டில் கேட்பதில்லை. மாறாக, எந்த நாட்டில் எந்த ஆவணம் கிடைக்கும், எது எவ்வளவு நம்பத்தக்கது என்று நாடுவாரியாக ஒரு குறிப்பேட்டை வைத்திருக்கிறது. 1970 ஏப்ரலுக்கு முன் பிறந்த இந்தியர்களில் பலருக்குப் பிறப்புப் பதிவே இருக்காது என்பதையும் அந்தக் குறிப்பு அறிந்திருக்கிறது. அவர்கள் பதிவு இல்லை என்ற அரசுச் சான்றும், பிறப்பை அறிந்த மூத்தவர்களின் பிரமாணப் பத்திரமும், பள்ளிச் சான்றிதழ் போன்ற துணை ஆவணங்களும் தரலாம். வளைகுடா நாடுகளின் சுகாதாரத் துறைகள் செவிலியர், மருத்துவர்களின் தகுதியை உறுதிசெய்ய டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் வழியாகக் கல்லூரிக்கே நேராக எழுதிக் கேட்கின்றன. வட அமெரிக்காவில் கல்வித் தகுதியை மதிப்பிடும் அமைப்புகள், மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்கின்றன.

இந்த முறைகள் அனைத்திலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: முத்திரைகளின் வரிசையை விட்டுவிட்டு, பதிவேடு இருக்கும் இடத்தைக் கேட்பது. சுமை என்னவோ குடிமகன் தலையில் இரட்டிப்பாகிறது. ஒரு செவிலியர் வளைகுடாவுக்குப் போக எல்லா முத்திரைகளையும் வாங்குகிறார்; அதன் பிறகு மூலச் சரிபார்ப்புக்கும் தனியாகப் பணம் கட்டுகிறார். முதல் வேலை இரண்டாவதைக் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை.

எதிர்த்திசையில் வரும் பத்திரம்

வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் ஆவணங்களில் முக்கியமானது பவர் பத்திரம். சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருப்பவர், தஞ்சாவூரில் உள்ள நிலத்தை விற்கத் தம்பிக்கு அதிகாரம் கொடுக்கிறார். இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டு அதிகாரியின் சான்று பெறுவது ஒரு வழி. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தூதரக அதிகாரிகளுக்கு இந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது. அந்நாட்டு நோட்டரி முன் கையெழுத்திட்டு அபோஸ்டில் பெறுவது இன்னொரு வழி. பத்திரம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதங்களுக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும் என்று இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. கூரியரில் வந்த உறையைத் தேதியோடு பத்திரப்படுத்திவைப்பது இதனால்தான்.

நோட்டரியின் முன் செய்து அவர் உறுதி செய்த பவர் பத்திரம் முறையாகவே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இது 84-ஆம் பிரிவாக இருக்கிறது. அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு பவர் பத்திரம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-இல் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. ஒன்று, வெளிநாட்டு நோட்டரிக்கும் இந்த ஊகம் பொருந்தும். இரண்டாவது இன்னும் முக்கியமானது: உறுதி செய்வது என்பது முத்திரை குத்துவதோடு முடியாது. கையெழுத்திட்டவர் யார் என்பதிலும், அவரே கையெழுத்திட்டார் என்பதிலும் உறுதி செய்பவர் திருப்தியடைந்திருக்க வேண்டும். அந்தத் திருப்தி பத்திரத்திலிருந்து தெரிய வேண்டும். வெளிநாடுவாழ் தமிழரின் நிலத்தை யாரோ ஒருவர் ஆள்மாறாட்டம் செய்து விற்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வர வேண்டும்.

இலங்கைத் தமிழரின் ஆவணங்களுக்கோ பழைய வரிசைதான்: இலங்கை 2024 முடியும்வரை அபோஸ்டில் உடன்படிக்கையில் சேரவில்லை. அங்கிருந்து புறப்படும் பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதி செய்யப்பட்டு, பிறகு போய்ச்சேரும் நாட்டின் தூதரகத்தைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் திறந்ததால் வடக்கில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கொழும்புக்குப் போவது தவிர்ந்தது. மின்னணு முறையில் ஆவணங்களை உறுதி செய்யும் ஏற்பாடும் வந்திருக்கிறது. ஆனால் போரிலும் இடப்பெயர்விலும் ஆவணங்களை இழந்தவருக்கு முத்திரையைப் பற்றிய கவலை பின்னால்தான் வரும். தன் பெயர் எழுதிய பதிவேடு எங்கே இருக்கிறது, மறுபிரதி எடுக்க முடியுமா என்பதே அவருடைய முதல் கேள்வி. பதிவேடு இல்லாவிட்டால் எத்தனை முத்திரை விழுந்தும் பயனில்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

பதிவேட்டைக் கேட்பது

தீர்வின் ஒரு பகுதியை ஹேக் மாநாடே 2006-இல் தொடங்கிவைத்தது: அபோஸ்டிலை மின்னணு வடிவில் வழங்குவது, அதன் பதிவேட்டை இணையத்தில் திறந்துவைப்பது. இந்திய அபோஸ்டிலின் எண்ணையும் இன்று இணையத்தில் சரிபார்க்கலாம். ஸ்டிக்கர் போலியா என்ற கேள்விக்கு இது விடை தரும். சான்றிதழ் போலியா என்ற கேள்விக்குத் தராது.

இந்தியா 2017 மே மாதம் தொடங்கிய இ-சனத் திட்டம் ஒரு படி மேலே யோசித்தது. சான்றிதழை வழங்கிய நிறுவனத்தின் மின்னணுப் பதிவேட்டிலிருந்தே ஆவணத்தை எடுத்து, அங்கேயே சரிபார்த்து, அபோஸ்டில்வரை இணைய வழியில் கொண்டுபோவது அதன் நோக்கம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் முதலில் இணைந்தது. பல்கலைக்கழகப் பட்டங்களை டிஜிலாக்கர் வழியே சேமிக்கும் தேசியக் கல்வி ஆவணக் காப்பகமும், கியூஆர் குறியீட்டோடு வரும் பிறப்புச் சான்றிதழ்களும் இதற்குத் தேவையான அடித்தளம். ஆனால் ஒரு மாநிலத்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களும், எல்லாத் துறைகளும், பழைய பதிவேடுகளும் இதற்குள் வராதவரை காகிதத்தோடு அலைவது தொடரும். 1985-இல் பட்டம் வாங்கியவருக்கும் இன்று வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்ச் சேர வேண்டியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் துணிந்தது. 2019 பிப்ரவரி 16 முதல், பிறப்பு, இறப்பு, திருமணம், குடியுரிமை, குற்றப் பின்னணி இல்லை என்பன போன்ற ஆவணங்களுக்கு உறுப்பு நாடுகளுக்கிடையே அபோஸ்டிலே தேவையில்லை. மொழிபெயர்ப்புச் செலவைக் குறைக்கப் பலமொழிப் படிவமும் உண்டு. ஐயம் வந்தால், ஆவணத்தைப் பெற்ற அலுவலகம் வழங்கிய அலுவலகத்தையே பொதுவான மின்னணு வலைப்பின்னல் வழியே கேட்கும். ஐயம் வந்தால் மட்டும் கேட்பார்கள். கேட்கும் பொறுப்பும் அலுவலகத்துடையது. இத்தனை காலமும் குடிமகன் தோளில் இருந்த சுமையை அது அரசுகளிடையே திருப்பியிருக்கிறது. ஒருவர் பதிவேட்டை மற்றவர் நம்பும் நாடுகளிடையேதான் இது முடியும் என்பதும் உண்மை.

முத்திரைப் படிகளை அப்படியே குறைப்பது பாதி வேலைதான். இந்தியாவில் மாநிலச் சான்றொப்பத்தையும் அதற்கு முன் வாங்கும் பல்கலைக்கழக உண்மைத்தன்மைச் சான்றையும் நாளைக்கே நீக்கிவிட்டால் அலைச்சல் குறையும். அதோடு பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் ஒரே கையும் போய்விடும். அதைப் பார்த்து ஜெர்மனி போல ஐயப்படும் நாடுகள் கூடலாம். மாறாக, பதிவேட்டைப் பார்க்கும் அந்த வேலையைச் சான்றிதழ் வழங்கும் கணத்துக்கே கொண்டுபோய்விட்டால், அதாவது ஒவ்வொரு சான்றிதழும் பதிவேட்டோடு இணைந்தே பிறந்தால், நடுவில் நிற்கும் முத்திரைகளுக்கு வேலையில்லாமல் போகும். ஆகவே செலவழிக்க வேண்டிய இடம் டெல்லியின் ஸ்டிக்கர் இயந்திரம் அல்ல. நகராட்சியின் பழைய பிறப்புப் பதிவேடுகளை மின்னணுவாக்குவது, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு கேள்விக்குக் காலக்கெடுவுக்குள் விடை தர வைப்பது, இனிஷியலை விரித்துப் பெயரைத் திருத்தும் வேலையை எளிதாக்குவது, இவைதான் முதலில். அதுவரை வெளிநாடு போக எண்ணுபவர் ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளலாம்: முத்திரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், பதிவில் உள்ள பிழையைத் திருத்தத்தான் காலம் பிடிக்கும். விசா விண்ணப்பத்துக்கு வெகு முன்னரே பார்க்க வேண்டியது அதைத்தான்.